எந்தப் பச்சை?

4-3-1969, செவ்வாய்

எங்கள் காஞ்சிபுரம் நெசவாளர் சங்கத்து போர்டில் ‘மதராஸ்’ அழிந்து ‘தமிழ்நாடு’ ஏறியது. பெயிண்ட் காயவில்லை, அதற்குள் நெல்லூர் வியாபாரி கல்யாணப் புடவைக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். கேட்டது பச்சையாம், வந்தது பச்சை இல்லையாம்.

பச்சைதான். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், சோப்பில் அலசிப் பார்த்தேன். சாயம் துளிகூட இறங்கவில்லை. சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் சொல்கிறார்: “மொளகா தின்னு தின்னு கொல்டிக்குக் கண்ணு பூத்துப்போச்சுபா.” எல்லோரும் சிரித்தார்கள். நிறத்துண்டுகள் ஒட்டிய ஷேடு கார்டைக் காட்டி, நம்பர் போட்டு ஆர்டர் வாங்குங்கள் என்று, சாயம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த நாளாகக் கத்துகிறேன். அதற்கும் இப்படித்தான் சிரித்தார்கள்.

6-3

இப்போது பழி வீராசாமி மேல். எங்கள் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுவார் என்று நெல்லூர் ஆர்டரை அவரையே பேசி வாங்கச் சொன்னார்கள். “ரெண்டு பேருக்கும் ஒரே பாஷ. சேந்துக்கினு நம்ம தலையில மொளகா அரைக்கிறானுங்க” — இதுவும் தலைவர்தான். மூன்று தலைமுறையாக இங்கே பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற மனுஷன். நெல்லூர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது அவருக்கு.

வியாபாரி நேரில் வரட்டும், தப்பு வீராசாமியுடையது என்றால் வேலை போகும் என்று முடிவு.

7-3

சாயத்தில் தப்பில்லை. பின்னே எதில்?

10-3, திங்கள்

வியாபாரி வந்தார். உட்காரும்போதே, சாம்பார் குடிக்கிற அரவக்காரனுக்கு — தமிழனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் — நிறம் எங்கே தெரியும் என்றார். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஷேடு கார்டை நடுவில் விரித்தேன்.

“வாயால சொல்லாதீங்க. விரலால காட்டுங்க.”

வியாபாரியின் விரல் மஞ்சளில் போய் நின்றது. “இதி பச்ச.”

அவர்கள் ஊரில் மஞ்சளும் ‘பச்ச’தானாம். இலை நிறம் வேண்டுமென்றால் ‘ஆகுபச்ச’ என்று பிரித்துச் சொல்வார்களாம். வீராசாமி வீட்டுத் தெலுங்கு காஞ்சிபுரத்திலேயே ஊறியது. அதில் பச்ச என்றால் நம் பச்சைதான்.

வியாபாரி வீராசாமி தோளில் தட்டிச் சிரித்தார். “நீ பேசறது தெலுகு இல்லப்பா, அரவம்.”

முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சொல், அவ்வளவுதானே? தலைவர் சொல்கிறார்: “அப்ப இவனுக்குத் தெலுங்கும் தெரியாது. இவன் எதுக்கு நமக்கு?”

காலைவரை தெலுங்கன் என்று சந்தேகம். இப்போது தெலுங்கன் இல்லை என்று சீட்டைக் கிழிக்கிறார்கள். என்ன நியாயம்யா இது? கேட்டேன், கத்தியே கேட்டேன். “நீ சாயத்தப் பாருபா” என்றார்.

11-3

வீராசாமி கணக்கு முடித்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஷேடு கார்டை அவர் பையில் திணித்தேன். இங்கே யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

14-5, புதன்

மதுரைக் கடைக்குப் போன கட்டு திரும்பி வந்தது. ஊதா கேட்டார்களாம், நீலம் போயிருக்கிறது. வீராசாமி இடத்துக்கு வந்த புது ஆள் முருகேசன் முழிக்கிறான். “ஊதா மைன்னா நீலம்தானே சார்? எங்க ஊர்ல நீலத்தத்தான் ஊதான்னுவோம்.” மதுரையில் கத்தரிப்பூ நிறம்தான் ஊதாவாம்.

இரண்டு பக்கமும் தமிழ். தலைவர் “இந்த மதுரக்காரனுங்க —” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“அந்தக் கார்டு எங்கபா?”

“வீராசாமிகிட்ட.”

“போய் வாங்கினு வா.”

“கார்டு மட்டும் வராது தலைவரே. நீங்களே போய்க் கூப்பிடுங்க. தமிழ்லயே கேக்கலாம், அவருக்குப் புரியும்.”

முறைத்தார். சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று பார்த்தேன் — வீராசாமி வீடு இருக்கிற பிள்ளையார்பாளையம் பக்கம்தான் திரும்பினார்.