வரித்தலை வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை

அன்புள்ள அத்தானுக்கு,

முப்பிடாதி எழுதுகிறேன். லடாக்கில் நீங்கள் எல்லைக் காவல் நிற்கிற மலைமேல் போன் எடுக்காது என்பதால்தான் இந்தக் கடிதம். நானும் நம் மகள் செண்பகாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். உங்களுக்கு மூச்சு முட்டுவது குறைந்ததா? கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரியாதீர்கள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஸ்ரீவைகுண்டம் கால்வாயில் தண்ணீர் நின்று, நம் குளம் பாதி வற்றிவிட்டது. ஆனால் வரித்தலை வாத்துகள் இன்னும் போகவில்லை. பங்குனியிலேயே வடக்கே கிளம்பிவிடுமே, உங்கள் தலைக்கு மேலேதான் பறக்கும் என்று மாமா பேத்தியிடம் சொல்வார்களே, அவைதான். சித்திரை முடியப் போகிறது. கத்துவதும் இல்லை, மேய்வதும் இல்லை. எல்லாம் கரையையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வனத்துறைக்காரர்கள் வந்து சோதித்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்கள்.

மாசியில் மாமா இறந்தபோது பனியில் பாதை அடைத்து, பெற்ற மகன் நீங்கள் வர முடியவில்லை. எப்படி எடுத்தோம் என்று நான் எழுதவும் இல்லை. பறவை தங்கும் மாதங்களில் நம் ஊரில் வெடி கிடையாது, கொட்டு கிடையாது, சாவுக்குச் சங்கும் கிடையாது. பறவைக் காவலராக இருந்து அந்தக் கட்டுப்பாட்டைக் கடைசிவரை காத்தவர்களே மாமாதான். அதனால் ஒரு சத்தமும் இல்லாமல் தூக்கிப் போனார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதோம்.

டீக்கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? “சங்கு ஊதாம அனுப்பிட்டோம் தாயி. மனுசனுக்குத் தான் செத்ததே தெரியல போல.” வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள் என்று திட்டிவிட்டு வந்தேன்.

கூட்டிலிருந்து விழுகிற கூழைக்கடாக் குஞ்சுகளைப் பட்டியில் அடைத்து மாமா மீன் ஊட்டுவார்களே, அதை இப்போது நான்தான் செய்கிறேன். கொஞ்ச நாளாக விடிந்ததும் மீன் கூடையோடு போனால் ஒன்றும் வாயைத் திறப்பதில்லை. பை புடைக்கத் தின்றிருக்கின்றன. தரையில் ஈரச் செதிள் கிடக்கிறது. பட்டிக் கதவில் நான் போட்ட முடிச்சு இல்லை, மாமா போடுகிற இடக்கை முடிச்சு இருக்கிறது. நான் லேசில் பயப்படுகிற ஆளா? முதல் நாள் மீன் மிச்சம் என்று குழம்பு வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் செண்பகா விஷயம் அப்படி இல்லை. முந்தாநாள் சாயங்காலம் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் காணவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் குளத்துக்குள் அவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகிறாள். ஒரு கையை மட்டும் மேலே தூக்கியிருந்தாள், யாரோ பிடித்திருப்பதைப் போல. நான் இறங்கி ஓடினேன். அத்தனை வாத்துகளில் ஒன்றுகூடச் சிறகடிக்கவில்லை, பேசாமல் விலகி வழிவிட்டன. கரைக்கு இழுத்து வந்து, அடித்துத்தான் கேட்டேன். “தாத்தா பைய வா, பைய வான்னு கூப்பிடுதாவ” என்றாள். அன்றிலிருந்து அவளை என் சேலை முந்தானையோடு முடிந்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை மீதியையும் சொன்னாள். “வாத்து கெளம்புத அன்னைக்கு தாத்தா என்னையும் கூட்டிட்டுப் போவாவளாம். அப்பாவப் பாக்கலாமாம்.”

அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது. வாத்துகள் போக வேண்டும் என்று வேண்டுவதா, போகக் கூடாது என்று வேண்டுவதா, தெரியவில்லை. தெற்குக் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானம் சில வாத்துகள் சிறகை விரித்து மடக்கிப் பார்த்தன.

அதிகாரியிடம் என்ன சொல்வீர்களோ, லீவு வாங்குங்கள். சங்கு வேண்டாம். கரையில் நின்று அப்பா என்று கூப்பிட்டு, நேரமாகிவிட்டது, நீங்கள் மட்டும் போங்கள் என்று சொன்னால் போதும். மகன் நீங்கள் சொன்னால் மாமா கேட்பார்கள். சாஸ்தா உங்களுக்குத் துணை இருக்கட்டும். நம் மகள் உங்களைத் தேடி அங்கே வருவதற்குள் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள்.

உங்கள்,
முப்பிடாதி