அகல டயர் போட்ட சின்னக் கார்

அத்தான்,

நேற்று டயர் கடையில் நின்றிருந்தேன். புது ரப்பர் வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "அண்ணாச்சி, கொஞ்சம் அகலமாப் போட்டா வண்டி எடுப்பா இருக்கும்" என்றார். "எங்க குடும்பத்துல ஒருத்தர் போட்டுட்டாரு, அது போதும்" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்தேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் பசுவந்தனைப் பக்கம் அந்தச் சின்னக் காரை முதலில் வாங்கியவர் நீங்கள். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அம்மன் கொடைத் திருவிழாவன்று அதைக் கொண்டுபோய் ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். கூட்டத்தில் யாரோ, "ஏலே, ஜீப்பு குட்டி போட்டிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக்குப் போய்ப் பெரிய வீலும் அகல டயரும் வாங்கி வந்தீர்கள். அவை காருக்குள் அடங்க மறுத்தன. மட்கார்டைத் தட்டி வளைத்து அடக்கினீர்கள். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையாது. ஸ்டியரிங்கை ஒடித்தால் கார் ஆட்டைப் போலக் கத்தும். ஜீப்பின் குட்டி, அப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது.

ஐப்பசியில் கரிசலில் வண்டி பூட்டுகிறவன் கையில் ஒரு குச்சி இருக்கும். சக்கரத்தில் அப்பும் மண்ணை இறங்கி இறங்கிச் சுரண்டாவிட்டால் மாடு நகராது. நீங்களும் பாதி ஆயுசு சுரண்டியவர்தான். கார் வந்ததும் அதை மறந்தீர்கள். கரிசல் மண்ணும் மறந்திருக்கும் என்று நம்பினீர்கள்.

டயர் மாற்றிய அந்த வருஷத்து ஐப்பசியில் எங்கள் அப்பா கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மூத்தவ வந்துட்டாளா?" என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சு இல்லை. அக்காவை அழைத்துப்போக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரப்பு வழியாக நடந்தால் தார் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியும்விட்டாள்.

"ஏட்டி, வாசல்ல காரு நிக்குது. நீ பஸ்ஸுல போய் எறங்கினா எம் மொகத்த எங்கன கொண்டுபோய் வைக்க?" என்றீர்கள்.

"இந்தச் சகதியில காரு போவுமா அத்தான்?"

"மாப்ளே, டயரப் பாத்தியளா? இது போவாத எடம் உண்டுமா?"

அந்த இடம் ஊர் எல்லைக்குள்ளேயே இருந்தது. மட்கார்டுக்குள் மண் இறுகி, சக்கரங்கள் சுழலாமல் நின்றன. பழைய டயராக இருந்தால் மண் உதிர்ந்து விழ இடமாவது இருந்திருக்கும். பனைமட்டையை எடுத்துக்கொண்டு சுரண்டினீர்கள், மட்டைதான் முறிந்தது. தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அக்கா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"எறங்காத. இப்ப எடுத்திருவேன்" என்று அதட்டினீர்கள்.

அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். பஸ் வந்தது, நின்றது, போனது.

அடுத்த பஸ்ஸில், முழங்கால் வரை மண்ணோடு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை வருத்தப்பட்டிருந்தால் இந்த மடல் சுருக்கமாக முடிந்திருக்கும். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "ரோடு அப்படிக் கெடக்கு. வண்டியக் குத்தம் சொல்லக் கூடாது" என்றீர்கள். அந்த டயர்கள் தேயும்வரை அவற்றிலேயே ஓட்டவும் செய்தீர்கள்.

போன வாரம் அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் இறங்காமல் உட்கார்ந்தாய் என்று.

"அவிய எடுத்திருவேன்னு சொன்னாவல்லா" என்றாள். அதற்கு மேல் ஒரு காரணம் தேவை என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவளைப் பொறுத்தவரை நீங்கள் நல்ல மனுஷன். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறேன். உங்களுக்கு நான் செய்யும் மரியாதை இது ஒன்றுதான். அதுவும் உங்களுக்காக அல்ல.