ஒன்பது நிமிடம் முன்னால் ஓடும் உன் வாட்ச்

மச்சான்,

உன் வாட்ச் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தோல்வாரில் உன் வியர்வை வாசம் இன்னும் போகவில்லை. காலையில் பிளஸ் ஒன் படிக்கும் உன் மகள் ஆபீசுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கிள், அப்பா வாட்ச் ஒன்பது நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது. நீங்கதான் டைம் செட் பண்ணுவீங்கன்னு அம்மா சொல்லிச்சு" என்றாள். அடப்பாவி, இதை நீ கடைசிவரை திருப்பி வைக்கவே இல்லையா!

செங்கல்பட்டு ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவன் நான், ஸ்டோர்ஸைப் பார்த்தவன் நீ. மற்றவர்கள் ஒன்பதரைக்கே ரயிலில் வந்துவிடுவார்கள். நீ திருவிடந்தையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, திருப்போரூரில் பஸ் மாறி, பத்து மணி ஆபீசுக்குப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வருகைப்பதிவு மிஷினில் விரல் வைப்பாய். திடீரென்று ஒரு மாதம் மிஷின் தினமும் உன்னை 'லேட்' என்றது.

"என் வாச்சி கரீட்டா கீது மச்சான். உன் மிஷினுக்குத்தான் இன்னாவோ ஆயிட்சி" என்றாய்.

"சர்வர் பொய் சொல்லாதுடா, சீக்கிரம் கிளம்பு" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். எழுந்துபோய்ப் பார்க்கக்கூட இல்லை. மெமோ வந்தது. நீ மிஷினுக்குத் தகுந்தபடி வாட்சை ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாய், முந்தின பஸ்ஸைப் பிடித்தாய். மகள் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போக ஆரம்பித்தாள்.

மறு வாரமே எனக்கு உறைத்தது: மிஷினுக்கு நேரம் கொடுக்கும் சர்வர்தான் ஒன்பது நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. கம்ப்யூட்டர் கடிகாரம் தானாகச் சரியாக ஓடாது. நெட்டில் இருக்கும் டைம் சர்வரை அவ்வப்போது கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஆடிட்டுக்காக, ஆபீஸ் நெட்டுக்குக் காவலான ஃபயர்வாலை இறுக்கியபோது, அந்தக் கேள்வி போகும் வழியையும் நானே அடைத்திருந்தேன். சத்தமில்லாமல் திறந்துவிட்டேன், மிஷின் நேரம் சரியாகிவிட்டது. உன்னிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு வருடம் ஓட்டினேன். நீ அந்த முந்தின பஸ்ஸிலேயே வந்துகொண்டிருந்தாய். போன மாசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான்.

இன்று உன் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெமோ தப்பு, குற்றம் என்னுடையது என்று மானேஜருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா லேட்டா வந்ததே இல்லியா அங்கிள்?"

"ஒரு நாள்கூட இல்லம்மா."

"அப்ப என்னை அப்பாவே ஸ்கூல்ல விட்டிருக்கலாம்ல?"

வாட்சை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள். அதன் முள்ளைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.