அப்பாவின் பட்டனில் கை வைக்காதே

அண்ணே,

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. அப்பாவுக்கு ஊட்டிவிடு.

முதியோர் உதவி மையத்து அக்கா, அப்பாவால் என்னென்ன முடிகிறது என்று பார்க்க இன்று மறுபடியும் வருகிறார். போன தடவை நீ அப்பாவுக்குச் சவரம் செய்து, சட்டை மாட்டி உட்காரவைத்தாய். "அப்பா எல்லாம் சொந்தமா செய்வாருலா" என்றும் சொன்னாய். அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் தரவில்லை.

இன்று அவரே சட்டை போடட்டும். பட்டன் மாறிப் போனாலும் நீ கை வைக்காதே. ஆள் கிடைத்தால்தான் நான் தையல் வகுப்புக்குத் தொடர்ந்து போக முடியும். செமோர் போகும் பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

துளசி

பின்குறிப்பு: அப்பா எழுந்ததுமே சவரம் செய்துவிடச் சொன்னார். "ஆளு வர்ற நேரத்துல இப்படியா உக்காந்திருக்கிறது?" என்றார்.

ரேசர் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அந்த அக்கா போன பிறகு எடு.