பின்வாசல் இல்லாத வரைபடம்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் நலம். நீயும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நம் குரல் உயர்ந்துவிடுகிறது என்று மகள் போட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு இந்தக் கடிதம். "சண்டை போடறதா இருந்தா எழுதிப் போடுங்க, எனக்குப் பரீட்சை இருக்கு" என்றாளே, நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. யாரைப் போல இருக்கிறாள் என்று நான் கேட்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. பெர்மாகல்ச்சர், ஆரம்ப நிலை. காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு தோட்டத்தைத் திட்டம் போட்டு அமைப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். நடத்துபவர் ஓய்வு பெற்ற பொறியாளர் அம்மா. வாரம் முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் உறைந்துபோன பெட்டிகளை அடுக்கிவிட்டு, ஒரு மணி நேரம் மண்ணைப் பற்றிக் கேட்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா?

வீட்டை நடுவில் வைத்து வட்டம் போடச் சொல்கிறார் அந்த அம்மா. தினமும் பலமுறை நம் கால் போகிற இடம் முதல் வட்டம். கீரை, மிளகாய் எல்லாம் அங்கே. ஒருமுறை போனால் போதும் என்பது அடுத்த வட்டம். கோழி, எருக்குழி அங்கே. இப்படியே தள்ளித் தள்ளிப் போனால் ஐந்தாம் வட்டம் காடு. அதில் கை வைக்கவே கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் மனைக்கு நானே ஒரு வரைபடம் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கண்ணை மூடினால் வீடு அப்படியே தெரிகிறது, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். தோட்டம் மட்டும் தயாராகிவிட்டால் போட மாட்டேன், வந்துவிடுவேன். இந்த முறை உறுதி. வேலையை ஆரம்பித்துவிடு.

அன்புடன்,
உன் தோட்டக்காரன்


பிப்ரவரி 22

என்னங்க,

கடிதமும் வரைபடமும் கிடைத்தன. படத்தை வெட்டுமேஜை மேல் விரித்து வைத்து நானும் மகளும் பார்த்தோம். ரொம்ப அழகாக இருக்கிறது. யார் வீடு அது?

மாமரத்து நிழலில் இஞ்சி போட்டிருக்கிறீர்கள். அந்த மரம் காற்றில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. எழுதினேன். 'மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று பதில்கூடப் போட்டீர்கள். கஷ்டப்பட்டது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, மரம் போனது மறந்துவிட்டது.

பின்பக்கம் புதுச் சாலை வந்த பிறகு மதிலை உடைத்துப் பின்வாசல் வைத்தோம். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம்தான். தைக்கக் கொடுக்க வருபவர்கள், பால்காரர், தபால்காரர், மகளின் சைக்கிள் எல்லாமே அந்த வழிதான். வீடே திரும்பி உட்கார்ந்துவிட்டது என்று அப்போதே எழுதியிருந்தேன். நீங்கள் சரியாக அந்தப் பின்வாசல் படியிலேயே எருக்குழி வைத்திருக்கிறீர்கள். அதை ஒட்டிக் கோழிக்கூண்டு. வருகிறவர்கள் குழியைத் தாண்டி, கோழியைத் தாண்டி, என்னிடம் அளவு கொடுக்க வர வேண்டும். கீரைப் பாத்தி பூட்டிக் கிடக்கிற முன்கதவுக்கு எதிரே. தினமும் கால் போகிற இடம் என்று உங்கள் பொறியாளர் அம்மா யாருடைய காலைச் சொன்னார்?

என் தையல் அறை படத்திலேயே இல்லை. பக்கவாட்டில் புதிதாகக் கட்டினோமே, 'சந்தோஷம்' என்று ஒரே வார்த்தையில் வாழ்த்தினீர்களே, அந்த அறை. அது இருக்கிற இடத்தில் நீங்கள் மழைநீர் வாய்க்கால் ஓட விட்டிருக்கிறீர்கள்.

கோழி மண்ணைக் கிளறும், புழுவைப் பிடிக்கும், எரு போடும், முட்டையும் தரும், ஒன்று நாலு வேலை செய்யும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. இந்த வீட்டில் நாலு வேலை செய்கிற ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள், அவளுக்குக் கூண்டு வேண்டாம்.

படம் போடுவதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 

தோட்டம் தயாரானால் வருவேன் என்கிறீர்கள். யார் தயார் செய்வது? போன தடவை கூரை வேலை முடியட்டும் என்றீர்கள். கூரை முடிந்து அதில் பூனை மூன்று தடவை குட்டி போட்டாயிற்று. முதலில் வாருங்கள், அப்புறம் தோண்டுங்கள். வர முடியாது என்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டு அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். எதுவானாலும் தெரிந்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

சின்னு

மகள் நலம். செருப்பு அளவு உங்கள் அளவுக்கு வந்துவிட்டது.


மார்ச் 9

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கோபம் நியாயமானது. எருக்குழியை நகர்த்திவிட்டேன். கோழியையும் நகர்த்திவிட்டேன். மாமரத்தை அழித்துவிட்டேன், அழிக்கும்போது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எல்லாவற்றுக்கும் உயிர்நாடி தண்ணீர். ஓடுகிற மழைநீரை நடக்க வை, நடப்பதை நிற்க வை, நிற்பதை மண்ணுக்குள் இறங்க வை என்கிறார் அந்த அம்மா. சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், மண் தானாக ஈரம் பிடித்துவிடும். மழைக்கு முன் அது முடிந்தாக வேண்டும் என்பதால், நம் கொத்தனாருக்கு முதலிலேயே படத்தின் நகலை அனுப்பியிருந்தேன். உனக்கு ஒரு வேலையும் வேண்டாம், அவரே ஆளோடு வந்து வெட்டிவிடுவார். உன் அறையை விட்டு ஒதுங்கி வெட்டும்படி சொல்லிவிடுகிறேன். கவலைப்படாதே.

அந்த அறை எவ்வளவு பெரிசு? ஜன்னல் இருக்கிறதா?

அன்புடன்,
உன் தோட்டக்காரன்


ஏப்ரல் 2

என்னங்க,

ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினேன்.

கொத்தனாரிடம் சொல்லிவிடுகிறேன் என்றீர்கள். சொல்லவில்லை. நான் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு ஆளோடு வந்து வெட்டி முடித்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், முழங்கால் ஆழ வாய்க்கால் ஒன்று என் தையல் அறைச் சுவர் வரை நேராக வந்து நிற்கிறது. அறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே சுவரிலிருந்து மறுபடி ஆரம்பித்து முன்பக்க நடைபாதை வரை போகிறது.

"என்னண்ணே இது?" என்று கேட்டேன்.

"ப்ளான்ல ரூம் இல்லையேம்மா" என்றார்.

"கண்ணுக்கு முன்னால நிக்குதே."

"நிக்குதுதான். ஆனா கோட்டை மட்டும் மாத்தக் கூடாதுன்னு சார் சொன்னாரும்மா. அதான் இந்தப் பக்கம் நிறுத்திட்டு அந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சோம்."

அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? நீங்கள் சொன்னதை அப்படியே செய்த ஒரே மனிதர் அவர்தான்.

மூடச் சொல்லி ஆள் தேடுவதற்குள் மழை வந்துவிட்டது. உங்கள் வாய்க்கால் நன்றாக வேலை செய்தது, குறை சொல்ல முடியாது. மனையில் விழுந்த தண்ணீரையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் கூட்டிக்கொண்டு வந்து என் கதவடியில் விட்டது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து மடித்துத் தரையில் அடுக்கியிருந்தேன். நீலக் கால்சட்டைச் சாயம் வெள்ளைச் சட்டையிலெல்லாம் ஏறிவிட்டது. நானும் மகளும் அலசிக் கொடியில் போட்டோம். மறுபடி அலசினோம். போகவில்லை. புதுத் துணி வாங்கி எல்லாவற்றையும் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறேன், இடையில் எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு அழுகை வந்தது துணிக்காக இல்லை. என் அறை எங்கே இருக்கிறது என்று என் கணவருக்குத் தெரியவில்லையே என்றுதான் வந்தது.

இனிமேல் படம் அனுப்பாதீர்கள்.

சின்னு


ஏப்ரல் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டினேன். வாய்க்கால் சுவரில் நின்ற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்த மண்ணுல கடைசியா எப்ப நின்னீங்க?" என்று கேட்டார். நாலு வருஷம் ஆகிறது என்றேன். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டார். முதல் பாடமே ஒன்றும் செய்யாமல் பார்ப்பதுதானாம். ஒரு வருஷம், எல்லாப் பருவமும், மண்வெட்டியைத் தொடாமல். அந்தப் பாடம் நடந்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. கிடங்கில் ஆள் குறைவு என்று கூடுதல் வேலை பார்த்தேன்.

சின்னு, ஒன்று சொல்கிறேன். இங்கே காலையில் எழுந்தால் எனக்கு என்ன வேலை என்று தெரியும். அங்கே நீயும் அவளும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பீர்கள். நான் எங்கே நிற்பது? தோட்டம் என்று ஒன்று இருந்தால் அதிலாவது போய் நிற்கலாம் என்று நினைத்தேன். பயமாக இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

மேலாளர் நேற்றும் படிவத்தை நீட்டினார். பேனா இல்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.

நான் படம் அனுப்பவில்லை. நீ ஒன்று அனுப்புவாயா? அந்த வீட்டில் யார் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதை மட்டும் கோடு போட்டு அனுப்பு. அழகாக வேண்டாம்.

அன்புடன்,
நான்


மே 8

என்னங்க,

உங்கள் வகுப்புக்கு நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். இதற்கு மேல் ஒரு கொடுமை உண்டா?

படம் உள்ளே இருக்கிறது. தையல் சாக்கட்டியால் போட்டேன், கொஞ்சம் கலைந்திருக்கும். பின்வாசலிலிருந்து தையல் அறைக்கு இருக்கிற தடித்த கோடு என்னுடையது. அங்கே மண் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. பின்வாசலிலிருந்து அடுக்களைக்கு ஒன்று. குழாயடிக்கு ஒன்று. வளைந்து வளைந்து போவது மகளின் சைக்கிள், நேராகப் போனால் அவளுக்கு ஆகாது. அடுக்களை ஜன்னலடியில் வெயிலும் உண்டு, கழுவின தண்ணீரும் உண்டு. கீரை போடுவதென்றால் இடம் அதுதான். இதைச் சொல்ல எனக்கு வகுப்பு தேவைப்படவில்லை.

முன்கேட்டிலிருந்து முன்கதவு வரை ஒரு கோடும் இல்லை. போட மறக்கவில்லை. அங்கே யாரும் நடப்பதில்லை. கல் இடுக்கெல்லாம் புல். அந்த வழியில் கடைசியாகக் கனமாக நடந்தது நீங்கள்தான், பெட்டியோடு.

வட்டங்களைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். "அப்ப அப்பா அஞ்சாவது வட்டம்மா, கை வைக்கக் கூடாது, பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

பயம் என்று எழுதினீர்கள். எனக்கும் பயம்தான். நீங்கள் வந்தால் எங்கே நிற்பீர்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, வந்து நின்று பார்த்தால்தானே தெரியும்?

இன்னொன்று. அறைக்கு இந்தப் பக்க வாய்க்காலை மூடிவிட்டேன். அந்தப் பக்கத்தை மூடவில்லை. சாயம் பட்ட சட்டைகளையும் வெட்டுத்துணிகளையும் அதில் கொட்டி, மேலே சருகு போட்டேன். பருத்தி நன்றாக ஈரம் பிடிக்கிறது. அதன் முனையில், முன் நடைபாதை ஓரம், பூசணி விதை ஊன்றிவிட்டேன். யாரும் நடக்காத இடத்தைச் சும்மா விடுவானேன்? கொடி பாதையை மூடுவதற்குள் வருகிறீர்களா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு வெட்டிவிட மாட்டேன்.

சின்னு


ஜூன் 24

என்னங்க,

பதில் வரவில்லை. கொடி பாதையை மூடிவிட்டது. கேட்டிலும் ஏறிச் சுற்றிக்கொண்டுவிட்டது. இனி திறக்க வராது.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் இதைவிட நீளமாக எழுதியிருப்பேன்.

உங்கள் வரைபடத்தைத் தூக்கிப் போடவில்லை. தாள் நல்ல தடிமன். அதன் பின்பக்கத்தில் காலர் அளவு வரைந்து வெட்டிக்கொண்டேன். நன்றாக உட்காருகிறது.

மகள் பாஸ் பண்ணிவிட்டாள். இனிமேல் போனில் சண்டை போடலாம் என்கிறாள். போடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னு


ஜூலை 1, காலை, முன்கேட்டுக்கு வெளியே

சின்னு,

பதில் எழுதினால் அதில் மறுபடி ஒரு தேதியைச் சொல்லி, அதையும் தள்ளிப்போட்டுவிடுவேனோ என்று பயந்துதான் எழுதவில்லை. கிளம்பி வந்துவிட்டேன். படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அரைமணி நேரமாக இங்கே நிற்கிறேன். கேட்டைத் தள்ளலாம் என்று பார்த்தால் கொடி சுற்றியிருக்கிறது. பூ விட்டிருக்கிறது. உள்ளே பாதை நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பிஞ்சு தெரிகிறது. மிதிக்க மனசு வரவில்லை.

தபால்காரர் இந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "இங்கே யாரும் வர மாட்டாங்களே, நீங்க யாரு?" என்று கேட்டார். இந்த வீட்டுக்காரன் என்றேன். அவர் நம்பவில்லை. பின்வாசல் எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகு சுத்தமாக நம்பவில்லை. இருந்தாலும் நல்ல மனிதர், இந்தச் சீட்டை உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். நீயோ மகளோ வந்து கூட்டிப்போனால்தான் வருவேன்.

கையில் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. படம் எதுவும் கொண்டுவரவில்லை. நீ வரும்வரை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நான்