நடையும் மாத்திரையும்

அன்பு மனைவிக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி அதிகம் ஏறாதே.

ஓய்வுக்குப் பின் கிடைத்த இந்த மாணவர் விடுதி வேலை பழகிவிட்டது. கொழுப்புக்கு மாத்திரை வேண்டாம், நடந்தே குறைக்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் தவணை கேட்டிருந்தேன் அல்லவா? ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம்தான் மாங்கு மாங்கென்று நடந்தேன். கொழுப்பு குறையவில்லை. நான் உண்மையைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்தார்.

"என்ன சார், பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பையனா நீங்க?"

"இனிமே தினமும் நடக்கிறேம்மா. மாத்திரை வேண்டாமே?"

"தினமும் நடங்க. ஆனா உங்கப்பாவுக்கும் அண்ணனுக்கும் மாரடைப்பு வந்திருக்கு. உங்களுக்கு ரெண்டும் வேணும்."

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் பார்வை மங்கினால் கண்ணாடி போடுகிறோமே, அப்படித்தான். இரண்டையும் இன்றே தொடங்குகிறேன், பயப்படாதே.

என் பழைய கான்வாஸ் ஷூவை அனுப்பு. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. தினமும் இரவு போன் செய்து, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேள். போட்டிருப்பேன்; ஆனாலும் கேள்.

உன் வாத்தியார்