நாலு ஜன்னல் பொத்தான்

பிப்ரவரி 5
மழை விட்ட வெளிச்சத்தில் கடையே மிதப்பது போலிருந்தது. புட்டிகளுக்குள் பொத்தான்கள், கடலடியில் கிடப்பவை மாதிரி. மகளின் டீச்சர் வந்து, சோடி சேராத பொத்தான் ஒரு பை வேண்டும் என்றார்.

“எழுதச் சொல்லிக்கொடுக்கப் பொத்தானா?”

“முதல்ல கையால தொடட்டும், அப்புறம் வாயால சொல்லட்டும். எழுதறது மூணாவதுங்க.” குரலைத் தாழ்த்தினார். “உங்க பொண்ணு மட்டும் இன்னும் ஒரு வரிகூட எழுதல.”

ஏழு வயது. வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. “கேள்வியும் நீயே, பதிலும் நீயே” என்கிறார் அவள் அப்பா. வியாபார வாய், என்ன செய்ய?

பிப்ரவரி 9
சனிக்கிழமை வகுப்பில் பெற்றோருக்கும் இடம். எல்லோரும் தரையில். ஆளுக்கொரு பொத்தான், நீளநீளக் காகிதத் துண்டுகள். ஒரு துண்டில் ஒரே வரி. பிடிக்காததைக் கத்தரிக்கலாம், இடம் மாற்றலாம், முடிவாகாததைக் கயிற்றில் மாட்டிவைக்கலாம்.

என்னுடையவள் நாலு ஓட்டை உள்ள நீலப் பொத்தானைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தாள். “இது வீடும்மா. நாலு ஜன்னல்.”

எழுதினாள்! மூன்று வரி. முதல் ஜன்னலில் மழை உள்ளே வந்து உட்கார்ந்தது. இரண்டாவதில் ஒரு கப்பல் சத்தமில்லாமல் போனது. மூன்றாவதில் குதிரை நின்றுகொண்டே தூங்கியது.

பிப்ரவரி 10
கடையில் லேஸ் அளக்கும்போதும் அந்தக் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 12
மூன்று நாளாகத் துண்டுகள் கூடத்தில் பரப்பியபடி கிடக்கின்றன. சரக்கு தரையில் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பொறுக்கினேன், வரிசைப்படுத்தினேன், விட்டுப்போன நாலாவது ஜன்னலை நானே எழுதிச் சேர்த்தேன். நம் கடை லேபிள் அடிக்கும் அச்சகக்காரரிடம் புத்தகமாக்கக் கொடுத்தாயிற்று. பளபள அட்டை, நாற்பது பிரதி. துள்ளிக் குதிக்கப்போகிறாள்.

பிப்ரவரி 14
குதிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது: ‘நான்காவது ஜன்னலில் சூரியன் சிரித்தது. அனைவரும் மகிழ்ந்தனர்.’

“அந்த ஜன்னல் இன்னும் திறக்கவே இல்லையேம்மா.”

நீலப் பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தாள். “நீயே கடைல வச்சுக்கோ. நான் இனிமே எழுதல.”

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி உனக்கு இந்த அவசரம்? எவன் ஆர்டர் கொடுத்தான்? வராமல் வந்த பேச்சை நீயே கட்டி அனுப்பிட்டியே—

பிப்ரவரி 15
டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். “பேக்கிங் பிரமாதங்க. சரக்குதான் இன்னும் வரல.”

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

“நாளைக்கு வாங்க. அவளுக்காக இல்ல, நீங்க உங்களுக்காக ஒரு வரி எழுதுங்க.”

பிப்ரவரி 16
அரைமணி நேரம் வெற்றுத் துண்டு. சட்டையே போடாதவனுக்கும் பொத்தான் விற்றவள் நான். ஒரு வரி வரவில்லை. அவள் தள்ளி, கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

எழுதினேன், கத்தரித்தேன். மறுபடி எழுதினேன்: ‘பொத்தான் வீட்டுக்குப் போனேன். சுற்றிச் சுற்றி வந்தேன். கதவே இல்லை.’

மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“கதவில்லன்னா எப்படிம்மா உள்ள போவ?”

நாலைந்து பதில் நாக்கு நுனியில். விழுங்கினேன்.

“தெரியலையேடி.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு புதுத் துண்டை இழுத்துக்கொண்டு குனிந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. கழுத்து வலித்தது.

பிப்ரவரி 19
நான் கொடுத்தனுப்பிய நாற்பது பிரதிகளையும் வகுப்பில் வரி வரியாக வெட்டுகிறார்களாம். யாரோ ஒருத்தி தன் கதைக்கு மழையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். போகட்டும்.

பிப்ரவரி 22
பள்ளி விட்டதிலிருந்து தெரு நெடுக அவள் பேச்சுதான். குதிரை விழித்துவிட்டதாம், கப்பலில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். வீட்டு வாசல் வந்தது. பூட்டைத் திறந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.